மாமி வீட்டு விலாசம்

மகன்,

ஒருவரைத் திட்டுவதற்கு முன் ஸலாம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஓதித் தந்த லெவ்வை சொல்லியிருக்கிறார். ஆகவே முதலில் அஸ்ஸலாமு அலைக்கும். இனித் தொடங்குகிறேன்.

நீ கத்தாரில் இருந்து அனுப்பிய குரல்பதிவை மூன்று முறை கேட்டேன். முதல் முறை விளங்கவில்லை, இரண்டாம் முறை நம்பவில்லை, மூன்றாம் முறை உன் உம்மாவுக்குக் கேட்காமல் இருக்கக் கிணற்றடிக்குப் போய்க் கேட்டேன். உன் மகள் ஸைனப் புலமைப்பரிசில் பரீட்சையில் பெரிய கல்லூரிக்கான வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை. பத்து வயதுப் பிள்ளை ஒரு காலைப்பொழுதில் எழுதிய பரீட்சைக்காக நீ இரண்டு நாள் சோறு தின்னவில்லையாம். பிள்ளை தின்றது. நானே பார்த்தேன், இரண்டு தரம் போட்டுத் தின்றது. உன் கோரிக்கைகள் இரண்டு. ஒன்று, நம் தெருமுனை ஆரம்பப் பாடசாலையில் ஐந்தாம் தரம் முடிக்கிற பிள்ளைகள் பிறகு எந்தெந்தப் பாடசாலைக்குப் போகிறார்கள் என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். இரண்டு, அது பெரிய கல்லூரி இல்லை என்றால் நீ அனுப்பியிருக்கும் சத்தியக் கடதாசியில் நான் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும். நீ உன் பொஞ்சாதி றிஸ்னாவைப் பிரிந்து, மகளையும் கூட்டிக்கொண்டு, கல்லூரி மதிலோடு ஒட்டியிருக்கும் உன் மாமி வீட்டில் குடியிருக்கிறாய் என்று அதில் எழுதியிருக்கிறது. கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாய்: "றிஸ்னாட்ட இப்ப சொல்லத் தேவல்ல வாப்பா. அவ சும்மா பயப்புடுவா. அண்டைக்கு நீங்க செஞ்சதத்தானே நானும் செய்யப்போறன்."

அந்தக் கடைசி வசனம் கீரிமீன் முள் மாதிரித் தொண்டையில் நிற்கிறது. அதை எடுக்கத்தான் இந்தக் கடிதம்.

கிழக்குக் கரைக்கு வெளியே இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காக ஒரு விசயம் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் பெண் புருசன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு சூட்கேசும் முகம் வழிக்கிற பெட்டியுமாகப் பெண் வீட்டுக்கு வந்து ஏறுகிறான். வீடு அவள் பெயரில். சுவரில் அவனுக்கென்று இருப்பது சேட்டும் சாரனும் கொழுவுகிற ஓர் ஆணி. அந்த ஆணியில் இருந்து சேட்டைக் கழற்றிக்கொண்டு ஓர் ஆண்பிள்ளை தன் தாய்வீட்டுக்கு அல்லது கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போய்ப் படுத்தான் என்றால் அதற்கு ஊரில் ஒரே ஓர் அர்த்தம்தான் இருக்கிறது. மற்ற ஊர்களில் விலாசம் மாறுவது தபால்காரனுக்கு வேலை. நம் ஊரில் பள்ளிவாசலை நிர்வகிக்கிற நம்பிக்கையாளர்களுக்கு வேலை.

இது தெரிந்தும் நான் செய்தேன். உனக்குப் பத்து வயது. வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றாய். கல்லூரியில் ஆறாம் தரத்தில் சில இடங்கள் மிச்சம் என்றும், அவை பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு என்றும் கதை அடிபட்டது. நான் அப்போதுதான் அரசாங்க இலிகிதராகி, கடதாசியால் ஆகாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்த முட்டாள். கிராம சேவகரைக் கண்டு, அடையாள அட்டையை மாற்றி, உன் மாமியான என் ராத்தாவின் வீட்டு விலாசத்துக்குக் கடதாசியில் குடிபோனேன். கல்லூரியில் இருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள் என்று ஒருவர் பயமுறுத்தினார். ஆகவே ஒரு கிழமை காலைச் சாப்பாட்டை ராத்தா வீட்டில் வைத்துக்கொண்டேன். மதிலுக்கு மேலே தெரியும்படி என் மருதமுனைச் சாரன் இரண்டைக் கொடியில் காயப்போட்டேன். கல்லூரியில் இருந்து ஒருவரும் வரவில்லை. பள்ளிவாசலில் இருந்து மூன்று பேர் வந்தார்கள்.

வாயில் புட்டு. எழும்பவும் முடியாது, பேசவும் முடியாது. மூத்தவர் என் தோளில் கை வைத்தார். "தம்பி, புருசன் பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இரிக்கும். இப்ப ஒண்டும் சொல்லவேணா. தின்டு முடிங்க, மறுகா கதைப்பம்." குசினிக்குள் இருந்து உன் மாமி சத்தம் வைத்தா: "கொண்டுபோங்க காக்கா, கொண்டுபோங்க! ஒரு கிழமையா என்ட புட்டுப்பானைக்கு ஓய்வில்ல." உண்மையைச் சொன்னால் உன் இடம் போகும். சொல்லாவிட்டால் என் மானம் போகும். மானம் எப்போதும் இலேசானது, அதைப் போகவிட்டேன். அறுக்கக் கொண்டுபோகும் ஆட்டைப் போல நடுவில் விட்டு, தெருநீளத்துக்கும் என்னை நடத்திக்கொண்டுபோய் உன் உம்மாவின் வாசலில் விட்டார்கள். அவ கதவைத் திறந்தா. நான் கண்ணடித்தேன். எங்கள் இருவரையும் பக்கத்தில் இருத்தி ஆளுக்கொரு பிளேன்டீ குடிக்கவைத்து, ஒரு துஆவும் ஓதிவிட்டுத்தான் போனார்கள்.

இந்தக் கதையை நான் எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன்! சோற்றுச் சஹனைச் சுற்றி ஒன்றாகத் தின்கிறவர்கள் புரையேறிச் சிரிப்பார்கள். உன் கல்யாணத்தில் உன் மாமனார் சிரித்துச் சோற்றைத் துப்பியது அவருடைய புதுச் சேட்டுக்குத் தெரியும். நீ அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். ஆகவே உன் மூளையில் இது ஒரு பகிடி, அதோடு வெற்றிபெற்ற பகிடி. அந்தப் பிழை என்னுடையது.

நீ கேட்டபடி விசாரணையைத் தொடங்கினேன். முதலில் தேத்தண்ணிக் கடை, ஏனென்றால் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல அங்கேதான் ஆட்கள் இருக்கிறார்கள். அறுபத்தைந்து வயதிலும் கல்லூரித் தொப்பி போட்டுக்கொண்டு திரிகிற ஒரு பழைய மாணவர் இருக்கிறார், உனக்குத் தெரியும். ஓட்டோவின் பின்பக்கம் கல்லூரிச் சின்னம், மகளின் கல்யாணக் கடதாசியில் கல்லூரிச் சின்னம். கடைசியில் தூக்கிக்கொண்டுபோகிற மையித்துக்கட்டிலிலும் ஒட்டச்சொல்லி வசிய்யத்து எழுதிவைத்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம். அவரிடம் கேட்டேன்.

"நம்மட தெருமுனைப் பள்ளிக்கூடத்துப் புள்ளைகள் அஞ்சு முடிச்சுப்போட்டு எங்க போகுது காக்கா?"

"இதென்ன கேள்வி? எல்லாம் எங்கட கல்லூரிக்குத்தான். வேற எங்க போற?"

"ஒங்கட பேரனும்தானே?"

"ஓம், பின்ன?"

பரோட்டா அடித்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: "காக்கா, அவன் மகா வித்தியாலயத்து வேன்ல போறத நான் தினம் காணுறன்."

"அது... அந்த வேன் கல்லூரிப் பக்கத்தால சுத்திப் போற வேன்."

இதுதான் மகன் நம் ஊர். வேனையும் சுற்றவிடுவார்கள். கடைக்கு எதிரில் ஒரு பெனர் தொங்கியது. மூலையில் சித்தியடைந்த இரண்டு பிள்ளைகளின் முகம், தபால்தலையளவு. நடுவில் வாழ்த்துகிற அரசியல்வாதியின் முகம், வண்டிச்சில்லளவு. கீழே வாழ்த்துவோர் பட்டியலில் பரீட்சை எழுதிய மொத்தப் பிள்ளைகளைவிடக் கூடுதலான பெயர்கள். மற்றப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று அந்தப் பெனரிடம் கேட்க முடியாது. ஊரிடமும் கேட்க முடியாது. ஊர் அந்தப் பெனரை வாசித்துத்தான் அறிவு பெறுகிறது.

கடைசியில் பாடசாலைக்கே போனேன். இப்போதைய அதிபர் இறக்காமத்தில் இருந்து ஸ்கூட்டியில் வந்து போகிற ஒரு டீச்சர். யானை நிற்கிற ரோட்டால் வருகிற மனுசி, எனக்கா பயப்படப் போகிறா? வந்த காரியத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"நான் வந்த நாளையில இருந்து இதக் கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான் சேர். எல்லாரும் எத்தன பேர் பாஸ் எண்டுதான் கேக்கிற. பாஸாகாத புள்ளைகள் ஆவியாப் போறெண்டு நினைப்பு."

அலுமாரியைத் திறந்து சேர்விடாப்புகளை மேசையில் அடுக்கினா. பாடசாலையில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. சேர்ந்த திகதி, விலகிய திகதி, விலகிய காரணம், சென்ற பாடசாலை, குறிப்பு. இரண்டு காலை நேரம் உட்கார்ந்து இரண்டு பேரும் வரிவரியாகப் பார்த்தோம். உன் முதல் கேள்விக்கு இதோ பதில், ஆதாரத்தோடு. பெரும்பாலான பிள்ளைகள் வயல் பக்கத்து மகா வித்தியாலயத்துக்குப் போகிறார்கள். பெண் பிள்ளைகளில் பாதிப்பேர் அடுத்த வட்டாரத்துப் பெண்கள் பாடசாலைக்கு. வருசத்துக்கு ஓரிருவர் குர்ஆன் மனனம் செய்ய மத்ரஸாவுக்கு. புலமைப்பரிசிலில் சித்தியடைந்து பெரிய கல்லூரிக்குப் போகிறவர்களை ஒரு கையில் எண்ணலாம், சில வருசம் கையே தேவையில்லை. ஒரு பெண் பிள்ளையின் வரியில் "சென்ற பாடசாலை" என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. "நான் மூணு தரம் வீட்ட போனன் சேர். தாய் வெளிநாட்டுல. சின்னப் புள்ளைகளப் பாக்க ஆளில்லயாம்" என்றா டீச்சர். அந்தக் கட்டத்துக்கு ஊரில் ஒருவரும் பெனர் அடிக்கவில்லை.

அதுவல்ல விசேசம். பரீட்சையில் சித்தியடையாமலே பெரிய கல்லூரிக்குப் போன ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களின் வரிகளில் காரணம் ஒன்றுதான்: வதிவிட மாற்றம். வதிவிட மாற்றம், வதிவிட மாற்றம், அடுத்த பக்கத்திலும் வதிவிட மாற்றம். எல்லோரும் மாறிப்போன இடம் கல்லூரி மதிலோடு ஒட்டிய அந்த ஒரே ஒழுங்கை. அதில் இருப்பதே ஒன்பது வீடு. இடாப்பின்படி நம் ஊரில் கால்வாசிச் சனம் அந்த ஒன்பது வீட்டுக்குள் ஒருவர் மடியில் ஒருவர் படுத்திருக்கிறது. சுனாமியில் கடல் வந்தபோதுகூட இத்தனை குடும்பம் சொல்லிவைத்தாற்போல் ஒரே ஒழுங்கைக்கு ஓடவில்லை. இந்தக் குடிபெயர்வை உன் மாமியிடம் சொன்னேன். "என்ட விலாசத்துல படிச்ச புள்ளைகள் ஆளுக்கொரு நாள் வந்து முத்தத்தக் கூட்டித் தந்திருந்தா எனக்கு இந்த முதுகு நோவு வந்திரிக்காது" என்றா.

இரண்டாம் நாள் பழைய இடாப்புக்கு வந்தோம். ஓரங்களில் கடலுப்புப் படிந்து, விரித்தால் அப்பளம்போல் சத்தம் போடுகிற இடாப்பு. அந்தக் காலத்து அதிபரின் முத்து முத்தான எழுத்து. நேர்மையான மனுசன், மௌத்தாகிவிட்டார், அல்லாஹ் அவருக்கு அருள்செய்யட்டும். உன் பெயரைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சருக்கும் என் புட்டுக் கதையைச் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். அவ சிரிக்கவில்லை. குறிப்புக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் இருந்தா.

அதில் எழுதியிருந்தது: "தகப்பன் குடும்பத்தைப் பிரிந்து தமது சகோதரி வீட்டில் வசிக்கிறார். பிள்ளை தகப்பனிடம் செல்கிறது. தாயார் நேரில் உறுதிப்படுத்தினார்." அதற்குக் கீழே ஒரு கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை மேலே சுழித்துவிடுகிற கையெழுத்து. அதை நான் எங்கள் கல்யாணத்தைப் பதிந்த காவின் கடதாசியில் பார்த்திருக்கிறேன். உன் உம்மாவுடையது.

மகன், எனக்கு அது தெரியாது. இத்தனை வருசமும் தெரியாது. கிராம சேவகரும் அடையாள அட்டையும் என் சாரன் இரண்டும்தான் உனக்கு இடம் வாங்கித் தந்தன என்று கெட்டிக்காரத்தனம் பேசிக்கொண்டு திரிந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தா. நேரே கேட்டேன். அவ தலையை நிமிர்த்தவில்லை.

"ஓம். வச்சனான்."

"எப்ப?"

"நீங்க ராத்தா வீட்ட புட்டுத் தின்னப் போன கிழமை. பள்ளிக்கூடத்துப் பெரிய சேர் வந்தாரு. 'சொந்த வீட்டுல பொஞ்சாதி இரிக்க மனிசன் என்னத்துக்கு வீடு மாறுற? பொய்க்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன். உண்மையெண்டா நீங்க சொல்லுங்க' எண்டாரு. புள்ள கதவுக்குப் பின்னால பாத்துக்கிட்டு நிண்டான். என்ன சொல்ற? ஓம் சேர், உட்டுப்போட்டுத்தான் போயிட்டாரு எண்டன்."

"எனக்கேன் சொல்லல்ல?"

"சொன்னா? நீங்க அதையும் கலியாண வீட்டுல சொல்லிச் சிரிச்சிரிப்பீங்க."

வாய் அடைபடுவது எனக்குப் பழக்கமில்லாத நோய். அவ மீனைத் திருப்பிப்போட்டுக் கழுவினா. பிறகு, யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்வதுபோல் மீதியைச் சொன்னா. அவவின் இரண்டு காக்காமாரும் வந்து, அடித்தானா, வேறு யாருமா என்று கேட்டார்களாம். பக்கத்து வீட்டாள் வேலிக்கு மேலால் எட்டி, "மாப்புள வந்திட்டாராமே, நிப்பாரா?" என்று விசாரித்தாளாம். அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் அவ ஒரு கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. நான் எல்லாக் கல்யாணத்துக்கும் போயிருக்கிறேன். இவ ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கதை சொல்லிச் சிரிப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். நான் அந்தக் கதையைத் தொடங்கும்போதெல்லாம் அவ எழும்பிக் குசினிக்குப் போவா. கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது என்று நினைத்தேன்.

சரி, அவ்வளவு கொடுத்து வாங்கிய அந்தப் பெரிய கல்லூரியில் உனக்குக் கிடைத்தது என்ன? கடைசி வாங்கில் உட்கார ஓர் இடம். உன் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத வகுப்பு ஆசிரியர். தரையில் முட்டுகிற ஒரு டை. முதலாம் தவணையில் நீ ஒரு நாள் சாப்பாட்டுப் பாசலைத் திறக்காமலே திருப்பிக்கொண்டுவந்து, "வாப்பா, நான் நசீரோட போகட்டா?" என்று கேட்டாய். நசீர் மகா வித்தியாலயத்துக்குப் போயிருந்தான். நான், "பேரு பெரிசு மகன், பேரு பெரிசு" என்றேன். அந்த நசீர் இப்போது கத்தாரில் உன் அறையில், உன் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுக்கிறான். ஒரே கம்பனி, ஒரே வேலை, ஒரே குளிரூட்டி. உங்கள் இரண்டு பேரில் பெரிய கல்லூரி யார் என்று அந்தக் குளிரூட்டிக்குத் தெரிகிறதா என்று ஒரு நாள் விசாரித்துச் சொல். நீயும் என்னைப்போல ஆதாரத்தோடு சொல்ல வேண்டும்.

உன்னைக் குத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கொஞ்சம் குத்தத்தான் சொல்கிறேன். நீ நல்ல பிள்ளை. ஆனால் இப்போது செய்யப்போவது நான் செய்ததைவிடக் கேவலம். நான் செய்யும்போது அது யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியாது, மடையன் என்ற ஒரு நியாயமாவது என்னிடம் இருக்கிறது. உனக்கு அதுவும் இல்லை. "றிஸ்னாட்ட சொல்லத் தேவல்ல" என்று நீயே சொல்லிவிட்டாய். அப்படியென்றால் யாரிடம் மறைக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நீ கடல் கடந்து இருக்கிறாய். ஊரில், வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவள் உன்னிடம் கேட்கமாட்டாள். பள்ளிவாசலில் இருந்து மூன்று பேர் வந்தால் புட்டுத் தின்றுகொண்டிருக்க நீயும் இருக்கமாட்டாய். ஸைனப் கதவுக்குப் பின்னால் நிற்பாள். உன்னைப் போலவே.

உன் குரல்பதிவை அன்று உம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டா. "ஒரு குடும்பத்துக்கு ஒருத்தி போதும்" என்றா. சத்தியக் கடதாசியை நான் அச்செடுத்துத்தான் வைத்திருந்தேன். அவ அதை எடுத்து நாலாய் மடித்து, மீன்செதிலை அதில் அள்ளிக் கொட்டினா.

மறுநாள் டீச்சரிடம் போய் பழைய இடாப்பைத் திருத்தலாமா என்று கேட்டேன். "அழிக்க ஏலா சேர். சிவப்பு மையால பக்கத்துல எழுதி, சம்பந்தப்பட்ட ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கலாம். ஆனா இவ்வளவு காலத்துக்குப் பொறகு என்னத்துக்கு?" என்றா. உம்மாவைக் கூட்டிவந்தேன். பாடசாலைக்குத்தானே என்று சொல்லியும் அவ பெருநாளைக்கு எடுத்த அபாயாவைத்தான் போட்டுக்கொண்டு வந்தா. நான் சிவப்புப் பேனையால் எழுதினேன்: "தகப்பன் எக்காலத்திலும் குடும்பத்தைப் பிரிந்திருக்கவில்லை. அவர் சொன்னது பொய்." இலிகிதனாக இருந்த காலமெல்லாம் நான் எழுதிய கடதாசிகளில் இதுதான் சுருக்கமானது. கையெழுத்து வைத்தேன். உம்மா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தா. பிறகு தன் கையெழுத்தை வைத்து, அந்த வாலை மேலே சுழித்துவிட்டா. "ஒங்கட எழுத்து இன்னமும் கோணல்தான்" என்று சொன்னா. வெளியே வந்து வாசல் வேம்பின் கீழே நின்று சிரித்தா. அந்தக் கதைக்கு அவ சிரித்ததை நான் கண்டது அன்றுதான்.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கட்டுமா என்று அவவிடம்தான் கேட்டேன். "குடுங்க. அண்டைக்கு ஊர் கதைச்சது. இப்ப ஊர் வாசிக்கட்டும்" என்றா. பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊருக்கு எப்படியும் தெரியும், ஆனால் ஒரு மரியாதை வேண்டுமே.

புது இடாப்பு டீச்சரின் மேசையில் இருக்கிறது. ஸைனபின் வரியில் விலகிய காரணமும் சென்ற பாடசாலையும் இன்னும் எழுதப்படவில்லை. "ஐந்தாம் தரம் பூர்த்தி" என்று எழுத டீச்சர் ஆயத்தமாக இருக்கிறா. அதில் சாட்சி கேட்டால் நான் எத்தனை கையெழுத்தும் வைப்பேன். எந்தப் பாடசாலை என்பதை நீயும் றிஸ்னாவும் கதைத்து முடிவெடுங்கள். ஸைனபையும் கேளுங்கள், அவளுக்குச் சிநேகிதிகள் இருக்கிறார்கள், அவர்கள் எங்கே போகிறார்கள் என்று இந்த இடாப்புகளை எல்லாம் புரட்டிய எனக்கும் டீச்சருக்கும் தெரிவதைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கடிதத்தின் ஒரு பிரதியை உனக்கு இன்று அனுப்புகிறேன். பத்திரிகை வெள்ளிக்கிழமை வரும். உன் பொஞ்சாதி வாசிக்கிற பிள்ளை, முதல் பக்கத்தில் இருந்து மரண அறிவித்தல் வரைக்கும் ஒன்றும் விடமாட்டாள். உனக்கு நாலு நாள் இருக்கிறது. மறுமொழியை எனக்கு அனுப்பாதே. அவளுக்கு அழைப்பு எடு.

உன் உம்மாவின் வீட்டில்,
உன் உம்மாவோடு,
எப்போதும் குடியிருக்கும்
வாப்பா